கோயம்பேட்டு லாரியும் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியும்: தொற்றுநோய்ச் சொற்களின் கதை

2020 மே 4ஆம் தேதி மாலை வந்த சுகாதாரத் துறை அறிக்கை நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 527 பேருக்குக் கொரோனா உறுதியானது. சென்னையில் 266 பேர். அடுத்த இடத்தில் கோவையோ மதுரையோ இல்லை. நம் கடலூர் மாவட்டம்தான் இருந்தது, 122 பேர். அதுவரை மாவட்டத்தின் மொத்தக் கணக்கே சில பத்துகளில்தான் நின்றிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும்: கோயம்பேடு. 1996இல் திறக்கப்பட்ட அந்த மொத்த விற்பனைச் சந்தை 295 ஏக்கர் பரப்பு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்டது. அங்கே மூட்டை தூக்கவும் கடைகளில் வேலை பார்க்கவும் நம் மாவட்டத்திலிருந்தும் விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கமிருந்தும் ஏராளமானோர் போயிருந்தார்கள். சென்னையில் ஏப்ரல் 26 முதல் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி சந்தையில் கட்டுக்கடங்காத கூட்டம். மாத இறுதியில் சந்தையில் தொற்று தெரிந்தது. வேலை நின்றுபோனவர்கள் காய்கறி லாரியிலும் கிடைத்த வண்டியிலும் ஏறி ஊர் திரும்பினார்கள். மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டையில் திரும்பி விருத்தாசலம் போகும் சாலை நம் மங்கலம்பேட்டை வழியாகத்தான் போகிறது. ஆகவே அந்தச் செய்தி நமக்கு வெளியூர்ச் செய்தியாக இருக்கவில்லை.

அந்த வாரங்களில் கிளஸ்டர், தொடர்பில் இருந்தவர், தனிமைப்படுத்தல், ஆர் எண், இறப்பு விகிதம் என்று பல சொற்கள் நம் வீடுகளுக்குள் வந்தன. கேட்டோம், பயந்தோம், பிறகு மறந்துவிட்டோம். நோய் எப்படிப் பரவுகிறது என்று எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் துறைக்குக் கொள்ளைநோயியல் என்று பெயர். மேற்சொன்னவை அந்தத் துறையின் அடிப்படைச் சொற்கள். அவற்றுள் சிலவற்றுக்குப் பொருள் தந்த ஆராய்ச்சிகள் நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. யாரை விலக்கி வைக்க வேண்டும், எத்தனை நாள் வைக்க வேண்டும், யாரை விலக்கி வைக்கவே தேவையில்லை என்று இந்தச் சொற்கள் துல்லியமாகச் சொல்கின்றன. ஒரே லிஃப்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் பகிர்ந்துகொள்ளும் நமக்கு இந்தத் துல்லியம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

தண்ணீரா, மனிதரா?

ஒரே சமயத்தில் பலருக்கு நோய் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்ததா, அல்லது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியதா என்பதுதான். முன்னதைப் பொதுமூலப் பரவல் என்றும் பின்னதைத் தொடர் பரவல் என்றும் சொல்லலாம்.

பொதுமூலப் பரவலுக்கு உலகமெங்கும் சொல்லப்படும் உதாரணம் 1854இல் லண்டனில் நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலானோர் பிராட் தெருவின் கைப்பம்பில் தண்ணீர் எடுத்தவர்கள். அதே தெருவில் இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவர்களுக்கு நோயும் வரவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கிணற்றுக்கு மிக அருகில் ஒரு வீட்டின் கழிவுக்குழி இருந்ததும், அதிலிருந்து கசிவு போனதும் பின்னர் தெரியவந்தது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல். கிருமி எது என்று தெரியாமலே, யார் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்ற கணக்கை வைத்தே ஸ்னோ நோயின் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

இதை நம் குடியிருப்போடு பொருத்திப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் வெவ்வேறு மாடிகளில், ஒருவரோடு ஒருவர் பழகாத நாலைந்து வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், சந்தேகப்பட வேண்டியது சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும்தான். செப்டிக் டேங்க்குக்கும் சம்ப்புக்கும் நடுவே உள்ள தூரம், குழாய் இணைப்பில் கசிவு, தொட்டி மூடி ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். மாறாக ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, சில நாள் கழித்து அதே வீட்டில் இன்னொருவருக்கும், பிறகு அவரோடு பழகியவருக்கும் வந்தால் அது தொடர் பரவல். அப்போது தொட்டியைக் கழுவி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கோயம்பேட்டில் இரண்டும் கலந்ததுபோல் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொற்றியது உண்மை. ஆனால் அங்கே நோயைப் பரப்பியது காய்கறியோ தண்ணீரோ அல்ல. நெருக்கமாக நின்று, அருகருகே படுத்து, ஒரே காற்றைச் சுவாசித்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் தொற்றிக்கொண்டார்கள். அதனால்தான் சந்தையை மூடியதோடு பரவல் நிற்கவில்லை. ஊர் திரும்பியவர்களோடு அது லாரி ஏறி வந்தது.

ஒரே சொல்லில் இரண்டு காரியம்

‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் 2020இல் நம்மைக் கொஞ்சம் குழப்பிவிட்டது. நோய் வந்தவரை மற்றவரிடமிருந்து பிரித்து வைப்பது ஒன்று. நோய் வந்தவரோடு பழகிய, ஆனால் இன்னும் நலமாக இருப்பவரைச் சில நாள் தள்ளி வைத்துக் கவனிப்பது இன்னொன்று. தமிழில் இரண்டையும் தனிமைப்படுத்தல் என்றே எழுதினோம். அதனால் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டாலே உள்ளே நோயாளி இருக்கிறார் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர் நலமாகவே இருந்து, கவனிப்பு நாள்களை மட்டும் கழித்துக்கொண்டிருந்திருக்கலாம். இங்கே முதலாவதைப் பிரித்து வைத்தல் என்றும், இரண்டாவதைத் தனிமைக் கண்காணிப்பு என்றும் சொல்கிறேன்.

தனிமைக் கண்காணிப்பு மிகப் பழைய வழக்கம். 1377இல் அட்ரியாடிக் கடலோர நகரமான ரகூசா, பிளேக் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பிறகு அது நாற்பதானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ பிறந்தது.

நம் பக்கத்தில் இதற்குச் சாட்சி மண்டபம் கேம்ப். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கங்காணிகள் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறும் முன் அங்கே நிறுத்தப்பட்டார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. காலராவோ பிளேக்கோ பெரியம்மையோ தீவுக்குள் போய்விடக் கூடாது என்பது நோக்கம். குடும்பம் குடும்பமாகச் சில நாள் வைத்துப் பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். ஊர் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றே அழைக்கப்படுகிறது.

எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ‘நோய் அரும்பும் காலம்’. கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் அது. காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள். பிளேக்குக்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள். பெரியம்மைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நாள். கொரோனாவுக்கு அதிகபட்சம் பதினான்கு நாள் என்று கொள்ளப்பட்டதால்தான் 2020இல் அந்தப் பதினான்கு நாள் கணக்கு வந்தது. ராசிக்காகவோ அதிகாரிகளின் விருப்பத்துக்காகவோ வந்த எண் அல்ல. அந்த நாள்கள் கழிந்தும் ஒருவர் நலமாக இருந்தால் பெரும்பாலும் அவருக்குத் தொற்றவில்லை என்று பொருள். அதன்பிறகும் அவரை ஒதுக்கி வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதோடு ‘தொற்றும் காலம்’ என்ற இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் மற்றவருக்குப் பரப்பக்கூடிய நாள்கள் அவை. பெரியம்மையில் காய்ச்சல் வந்து உடம்பில் கொப்புளம் எழத் தொடங்கும்போதுதான் நோய் மற்றவருக்குத் தொற்றும். அதற்குள் நோயாளி படுக்கையில் விழுந்திருப்பார். வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை வரவிடாமல் வைத்த நம் வழக்கம் அந்த நோய்க்கு ஓரளவு பொருந்தியே வந்தது. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும் காலம் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் அபார்ட்மெண்ட் வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடித்த வெப்பமானி பலரைத் தவறவிட்டது. கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் பார்வைக்கு நலமாகவே இருந்தார்கள். அவர்களைப் பள்ளி, கல்லூரி வளாகங்களில் தங்கவைத்துப் பரிசோதித்ததால்தான் மே 4ஆம் தேதியின் எண்ணிக்கை அவ்வளவு தாவியது. அந்த 122 பேரும் அன்றைக்கே நோய்ப்பட்டவர்கள் அல்லர், அன்றைக்குக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்.

தொடர்பில் இருந்தவர் எல்லோருக்கும் தொற்றுமா?

இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் தந்தவர்களில் முக்கியமானவர் மெட்ராஸ் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவ். 1960களில் பெரியம்மை வந்த வீடுகளை அவரும் அவர் குழுவினரும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் முதலில் ஒருவருக்கு நோய் வந்தபின், அதே வீட்டில் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணினார்கள். தொடர்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று சொல்லும் இந்தக் கணக்குக்கு ‘இரண்டாம் நிலைத் தாக்கு விகிதம்’ என்று பெயர்.

தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 37 பேருக்கு நோய் வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டியது. ஒரே கூரைக்குக் கீழ், ஒரே பாயில் படுத்து, தடுப்பூசியும் இல்லாதவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தொற்றவில்லை. ஊரே காலியாகிவிடும் என்று அஞ்சப்பட்ட நோயின் கதை இது. பெரியம்மை முக்கியமாக வீட்டுக்குள், நெருங்கிய பழக்கத்தில்தான் பரவுகிறது என்றால், நோயாளியைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே தடுப்பூசி போட்டாலே சங்கிலி அறுந்துவிடும். உலகம் பின்பற்றி வெற்றி கண்ட வழி அதுதான். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980 மே 8ஆம் தேதி பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தண்டையார்பேட்டைக்குச் சற்றுத் தெற்கே, சேத்துப்பட்டில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு ஆகியவை சேர்ந்து அங்கே ஒரு காசநோய் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டும். நோயாளி வீட்டில் இருந்தால் பிள்ளைகுட்டிகளுக்குத் தொற்றும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. நாட்டிலோ அத்தனை படுக்கைகள் இல்லை.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்போடு இருந்தார்கள். மறு பாதியினர் இடநெருக்கடியான தம் வீடுகளிலேயே தங்கி அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு சிகிச்சையில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். இரு தரப்புக் குடும்பங்களையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் கூடுதலாக யாருக்கும் நோய் பரவவில்லை என்றும் தெரிந்தது. தொற்றியவர்களுக்கும் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றியிருந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டு, காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கம் வர இந்த ஆராய்ச்சி பெரும் காரணம்.

இது நமக்கு எவ்வளவு நெருக்கமான செய்தி என்று சொல்லத் தேவையில்லை. காசநோய் என்று தெரிந்தால் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பழக்கம் இன்றும் ஊர்களில் இருக்கிறது. சேத்துப்பட்டுக் கணக்கின்படி, ஆபத்தானவர் இருமிக்கொண்டே யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்தான். மருந்து சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து தொற்றும் வாய்ப்பு பெரும்பாலும் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் இருந்தால் நோயாளி மறைப்பார், மறைத்தால் பரவும்.

பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தை ஒட்டி வாழும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா இருமலும் தொற்றும் இருமல் அல்ல. சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வரும் சிலிக்கோசிஸ் யாருக்கும் தொற்றாது. ஆனால் அந்த நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவருக்குத் தேவை நம் விலகல் அல்ல. அவ்வப்போது சளிப் பரிசோதனை.

ஆர் எண்ணும் லாரிப் பயணமும்

ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் தாவுகிறது என்பதே ‘ஆர்’ எண். அது 2 என்றால் ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவர், பத்தாவது சுற்றில் 1,024 புதிய நோயாளிகள் இருப்பார்கள். 1க்குக் கீழே போனால் பரவல் தானாகவே அடங்கும். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத சமூகத்தில் தட்டம்மைக்கு இந்த எண் 12 முதல் 18 வரை என்று கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் வந்த கொரோனாவுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 வரை.

இந்தக் கணிதத்தின் வேரில் இந்தியாவின் துயரம் ஒன்று இருக்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் நாடு முழுக்கப் பயன்பட்ட அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கெண்ட்ரிக்கும், விபத்தில் பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்கும் 1927இல் வெளியிட்ட கட்டுரையில், 1905–06இல் பம்பாயில் வாரவாரம் பிளேக்கால் இறந்தவர்களின் கணக்கைத் தங்கள் சமன்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கொள்ளைநோய் எல்லோரையும் பிடித்த பிறகு அடங்குவதில்லை. தொற்றக்கூடியவர்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே அடங்கத் தொடங்குகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். டிவியில் ‘ஹெர்ட் இம்யூனிட்டி’ என்று சொன்ன கூட்டு எதிர்ப்பாற்றலின் அடிப்படை இதுதான். ஆர் எண் 3 என்றால் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். தட்டம்மைக்கு நூற்றுக்கு 90க்கும் மேல் வேண்டும். நம் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டாலும் அது ஒரு வீட்டுப் பிரச்சினையாக மட்டும் நிற்காததற்குக் காரணம் அதுவே.

ஆனால் ஆர் என்பது சராசரி மட்டுமே. தமிழ்நாடு, ஆந்திரம் இரு மாநிலங்களிலும் 2020இல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சேகரித்த விவரங்கள் அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். அந்த நேரத்தில் உலகிலேயே மிகப் பெரிய தொடர்பறிதல் ஆய்வு அது. விவரம் கிடைத்த நோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. மிகச் சிலரிடமிருந்துதான் பெரும்பாலான தொற்றுகள் பரவியிருந்தன. இதையே பெரும்பரவல் நிகழ்வு என்கிறார்கள்.

அந்த ஆய்வில் நம் மாவட்டத்துக்குப் பாடமான ஓர் எண் உண்டு. நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 10.7, சற்றுத் தள்ளிய தொடர்பில் 4.7. ஆனால் நோயாளியோடு ஒரே வண்டியில், அருகருகே, ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்த 78 பேரைத் தனியாகப் பார்த்தபோது அது நூற்றுக்கு 79 ஆக இருந்தது. தார்ப்பாய் போட்ட லாரியில் நெருக்கியடித்து வந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அஜாக்கிரதையானவர்கள் என்று அன்று பலர் திட்டினார்கள். பேருந்தும் ரயிலும் ஓடாத நாளில், வேலையும் தங்க இடமும் போனபின், அவர்களுக்கு வேறு வண்டி இல்லை. எந்த மாதிரி சந்திப்பு பரவலைக் கூட்டுகிறது என்று இந்த எண் சொல்கிறது: மூடிய இடம், நெருக்கம், நீண்ட நேரம். நம் லிஃப்டில் அரை நிமிடம் சேர்ந்து போவதும், காற்றோட்டமில்லாத கம்யூனிட்டி ஹாலில் மூன்று மணி நேரம் பிறந்தநாள் கொண்டாடுவதும் ஒன்றல்ல.

ஊரில் நிலைத்த நோயும் புதிதாக எழும் நோயும்

ஓர் இடத்தில் எப்போதும் ஓரளவு இருந்துகொண்டே இருப்பது நிலைத்த நோய். வழக்கமான அளவைத் தாண்டி எழுந்தால் கொள்ளைநோய். நாடுகளையும் கண்டங்களையும் தாண்டினால் பெருந்தொற்று. இந்த மூன்றும் பரவலின் அளவைச் சொல்கின்றனவே தவிர, நோயின் கடுமையைச் சொல்வதில்லை.

இதற்கும் நம் மாநிலத்தில் ஓர் உதாரணம் உண்டு. மெட்ராஸுக்குக் காலரா பழகிய நோய். வளர்ந்தவர்களில் பலருக்கு அதனோடு முன்பே பரிச்சயம் இருந்ததால் குழந்தைகளையே அதிகம் தாக்கும். 1992 அக்டோபரில் நகரில் பரவிய வாந்திபேதியிலோ பெரியவர்கள் அதிகம் விழுந்தார்கள். ஆராய்ந்தபோது, அது அதுவரை காலராவைக் கொள்ளைநோயாக்கியிராத புது வகைக் கிருமி என்று தெரிந்தது. ஓ139 என்று எண்ணிட்டார்கள். பழைய வகை தந்திருந்த எதிர்ப்பாற்றல் இதற்கு எதிராக வேலை செய்யவில்லை. சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. முதலில் மெட்ராஸில் தெரிந்தாலும் அதற்கு ‘பெங்கால்’ என்ற பெயரே நிலைத்தது. எத்தனை பேருக்கு நோய் என்பதோடு, எந்த வயதினருக்கு என்றும் யாரோ குறித்து வைத்ததால்தான் புதியது ஒன்று வந்திருப்பது சீக்கிரம் புரிந்தது.

எண்ணப்பட்டவர், எண்ணப்படாதவர்

இறப்பு விகிதம் என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 2020 நவம்பர் இறுதியில் தமிழ்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட கொரோனா நோயாளிகள் சுமார் 7.8 லட்சம்; பதிவான இறப்புகள் சுமார் 11,700. வகுத்தால் நூற்றுக்கு 1.5. அதே அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க இரத்த மாதிரி எடுத்துப் பார்த்ததில் 31.6 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அதாவது இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர். பரிசோதனையில் சிக்கியவர்கள் தண்ணீருக்கு மேல் தெரிந்த நுனி மட்டுமே. ஆக, உறுதியான நோயாளிகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. தொற்றியவர் அனைவரிலும் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. இறப்புகளிலும் பதிவாகாதவை உண்டு. யாராவது ஒரு சதவீதத்தை அனுப்பினால், ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்பது நல்ல பழக்கம்.

தெரியாமையின் விலை

நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரான டாக்டர் சைமன் ஹெர்குலஸ் 2020 ஏப்ரல் 19ஆம் தேதி கொரோனாவால் சென்னையில் இறந்தார். அவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கூடியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது ஆம்புலன்ஸ் மீது கல்லும் கட்டையும் பறந்தன. மனைவியும் மகனும் அங்கிருந்து போக வேண்டியதாயிற்று. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் திரும்பிவந்து, சிலரின் உதவியோடு நள்ளிரவில் குழியை மண்ணால் மூடினார். அடுத்த வாரமே, இப்படி அடக்கத்தைத் தடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் நம்மைப் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்தான். புதைத்த உடலிலிருந்து நோய் அக்கம்பக்கத்துக்குப் பரவும் என்று நம்பினார்கள். ‘பரவும் வழி’ என்ற முதல் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் போதும். மூச்சுவிடாதவர் காற்றில் எதையும் பரப்புவதில்லை, முறையாகப் பொதிந்து ஆழப் புதைத்த உடலால் பக்கத்து வீட்டுக்கு எதுவும் வராது. ஒரு குடும்பத்தின் கடைசி விடைபெறல் அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் பறிபோனது.

அடுத்த காய்ச்சலுக்கு முன்

டெங்கு, இன்ஃபுளுவென்சா, தட்டம்மை, மஞ்சள்காமாலை, இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒன்று என அடுத்த பரவல் எதுவாகவும் இருக்கலாம். நம் வாட்ஸ்அப் குழுவில் ‘பி பிளாக்கில் யாருக்கோ வந்துவிட்டதாம்’ என்று ஒரு செய்தி வரும்போது, எந்த வீடு என்று கேட்கும் முன் இவற்றைக் கேட்போம்.

எந்த வழியில் பரவுகிறது: தண்ணீர், கொசு, காற்று, தொடுதல்? தண்ணீர் என்றால் தொட்டியைப் பார்ப்போம். கொசு என்றால் மொட்டை மாடியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கிய நீரைக் கொட்டுவோம். டெங்கு நோயாளியோடு பேசுவதால் யாருக்கும் டெங்கு வராது.

நோய் அரும்பும் காலம் எத்தனை நாள், தொற்றும் காலம் எப்போது முடிகிறது? அதை மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியை எழுதி வைப்போம். அந்தத் தேதி வந்தால் கதவு திறக்கட்டும்.

அந்த வீட்டில் இருப்பவர் நோயாளியா, கண்காணிப்பில் இருப்பவரா? எதுவாக இருந்தாலும் பால், மருந்து, காய்கறி வாசலுக்குப் போக வேண்டும். யார் கொண்டுபோய் வைப்பது என்பதைச் சங்கம் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கலாம்.

யாருக்குத் தொற்றினால் கடுமையாகும்? முதியவர்கள், கர்ப்பிணிகள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் யார் யார் என்று அந்தந்த பிளாக்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். நோயாளியின் பெயர் குழுவில் வர வேண்டிய அவசியமில்லை.

வீட்டு வேலைக்கும் காவல் பணிக்கும் வருபவர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. காய்ச்சல் என்று சொன்னால் கூலி போகும் என்றால் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று இப்போதே சொல்லிவிடுவது, வாசலில் வைக்கும் எந்த வெப்பமானியைவிடவும் நம் குடியிருப்பைக் காக்கும்.